முதலில் அவரிடம்: சபையில் ஒருவரைத் திருத்தப் போகிறவர்களுக்கு

சபையில் ஒருவர் தவறு செய்கிறார் என்று தெரிந்தால் அந்தச் செய்தி பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறது. பார்த்தவர் வீட்டில் சொல்வார். வீட்டிலிருந்து பெண்கள் ஐக்கியத்துக்குப் போகும், "பேர் சொல்ல வேணாம், ஒரு குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று. அங்கிருந்து கமிட்டி உறுப்பினர் ஒருவருக்கு, அவர் வழியாகக் குருவானவரான ஐயருக்கோ பாஸ்டருக்கோ. சம்பந்தப்பட்டவரின் காதுக்கு அது கடைசியாக வரும்போது அவருக்கு முன்னால் இருபது பேர் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள். அதன் பிறகு எவ்வளவு சாந்தமாகப் பேசினாலும் அவர் காதில் விழுவது அவமானம் மட்டுமே.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு வைத்த வரிசை இதற்கு நேர் எதிரானது. "நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்கிறார். கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேர், அதன் பிறகே சபை. விஷயம் தெரிந்தவர்களின் எண்ணிக்கையை முடிந்தவரை சிறியதாக வைத்திருப்பதே இந்த வரிசையின் உயிர். அன்போடு திருத்துவது என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குரல் தாழ்ந்திருந்தாலும் அதற்கு முன் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் அங்கே அன்பு ஏற்கெனவே உடைந்துவிட்டது. யார் முதலில் கேட்டார், எதைச் சொன்னோம், சொன்ன பிறகு எத்தனை நாள் கூட நின்றோம் என்ற மூன்றிலும்தான் அது தெரியும்.

போவதற்கு முன்

ஒரு துண்டுத் தாளில் விஷயத்தை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். என்ன நடந்தது, எப்போது, எங்கே என்பவை மட்டும் போதும். "அவர் காசு விஷயத்தில் சரியில்லை" என்பது குற்றச்சாட்டு அல்ல, அபிப்பிராயம். "அசன பண்டிகைக் கணக்கில் பந்தல்காரருக்குக் கொடுத்ததாக எழுதிய தொகைக்கு ரசீது இல்லை" என்பது பேசக்கூடிய விஷயம். முதலாவதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் தன் முழு வாழ்க்கையையும் காப்பாற்றப் போராடுவார். இரண்டாவதைச் சொன்னால் ரசீதைத் தேடுவார், அல்லது இல்லை என்று ஒப்புக்கொள்வார். அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் போகும் நேரம் இன்னும் வரவில்லை. எழுதியதை அன்றைக்கே கிழித்துவிட வேண்டும்.

நீங்களே பார்க்காமல் பிறர் சொல்லிக் கேட்டதாக இருந்தால் குற்றம் உணர்த்தப் போகக்கூடாது, விசாரிக்கத்தான் போகலாம். இன்னும் நல்லது, பார்த்தவரையே போகச் சொல்வது. "நீங்க பார்த்தீங்கன்னா நீங்கதான் அவர்கிட்ட பேசணும். வேணும்னா போறதுக்கு முன்னாடி சேர்ந்து ஜெபிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். செய்தி கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது, இது பாவமா அல்லது நமக்குப் பிடிக்காத பழக்கமா என்ற கேள்வி. இதில்தான் தமிழ்ச் சபைகளில் காயம் அதிகம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கம்மலும் வளையலும் போட்டு வளர்ந்த பெண் திருமணமாகிப் பெந்தெகொஸ்தே குடும்பத்துக்குப் போகிறாள். முதல் வாரத்திலேயே யாரோ ஒரு சகோதரி அவள் கம்மலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். தலையில் பூ, நெற்றியில் பொட்டு, சினிமா, கிறிஸ்துமஸ் பட்டாசு என்று பட்டியல் நீளும். இவற்றில் ஒவ்வொரு சபைக்கும் ஒரு வழக்கம் இருக்கலாம். அதைச் சபை வழக்கமாகவே சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் ரோமர் 14-ல் உணவையும் நாட்களையும் பற்றிப் பவுல் சொன்னது இந்த வகைக்குத்தான் பொருந்தும்: ஐயமான காரியங்களில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்கிறார். மத்தேயு 18-ன் மூன்று படிகளையும் ஒரு ஜோடிக் கம்மலுக்காக ஏறுவது வேதத்தைத் தவறாகக் கையாள்வது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இளம் பெண்களின் உடையைத் திருத்த ஓடிவருகிறவர்கள், சம்பந்தம் பேசும்போது சாதி பார்க்கும் மூப்பரிடம் ஒருநாளும் போவதில்லை. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்து நின்றார் என்று கலாத்தியர் 2 சொல்கிறது. பந்தியில் பிரிவினை செய்வது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதம் என்று பவுல் கண்டார். நம் சபைகளில் கமிட்டித் தேர்தலிலும் கல்லறைத் தோட்டத்திலும் நடக்கிற சாதிப் பிரிவினை அதற்குக் குறைந்த குற்றம் அல்ல. எளியவரை மட்டும் திருத்துகிற சபையின் பேச்சு எளியவரிடமும் எடுபடாது.

போகவேண்டியவர் நீங்கள்தானா என்பதையும் பாருங்கள். அவர் வீட்டில் துக்கம் நடந்தபோது போயிருக்கிறீர்களா? அவர் பிள்ளைகளின் பெயர் தெரியுமா? இவை இல்லாமல் திடீரென்று திருத்த மட்டும் வாசலில் நின்றால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், குழுவில் சேர வருகிறவரிடம் முன்கூட்டியே கேட்கும் கேள்விகள் உண்டு. உன் குறைகளை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நீ விரும்புகிறாயா? எல்லாக் குறைகளையும், ஒளிவு மறைவில்லாமல்? சம்மதம் சொன்னவர்களே உள்ளே வந்தார்கள். நம் வாலிபர் ஐக்கியத்திலும் வீட்டு ஜெபக்குழுவிலும் இப்படி ஒரு சம்மதத்தை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்தால், பின்னால் பேசுவது பாதி எளிதாகிவிடும்.

போகப் போகிறவர் தன் உள்ளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லப் போவதில் ஒரு சந்தோஷம் இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். பிறர் கண்ணில் உள்ள துரும்பை எடுக்கப் போகுமுன் உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடு என்று இயேசு சொன்னது அதற்காகத்தான். அதே சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. சகோதரனைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதை உள்ளத்தில் பகைப்பதோடு சேர்த்துத்தான் லேவியராகமம் 19:17 பேசுகிறது. பேசாமல் வைத்திருந்த விஷயம் பழையதாகும்போது கசப்பும் கூடிவிடும். இரண்டு வாரத்துக்குள் பேசிவிடுவது நல்லது.

பேசும் நேரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லாதீர்கள். திருவிருந்துக்கு முந்தின இரவு வேண்டாம். மனம் கலங்கி அவர் பந்திக்கே வராமல் போகக்கூடும். வீட்டில் பிள்ளைகளோ மாமியாரோ இருக்கும்போது வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு, இருவருக்கும் அவசரம் இல்லாத ஒரு மாலை வேளையில், ஆள் நடமாட்டம் இருந்தாலும் பேச்சு காதில் விழாத இடம் நல்லது. ஆலய வளாகத்து மரத்தடி பல நேரம் அறையைவிட மேலானது, ஏனென்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். எதிரெதிரே நாற்காலி போட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். ஆண் ஒரு பெண்ணிடமோ பெண் ஒரு ஆணிடமோ பேச வேண்டியிருந்தால் அந்தப் பொறுப்பை அதே பாலினத்தைச் சேர்ந்த முதிர்ந்த ஒருவரிடம் கொடுத்துவிடுவதே சரி.

வாட்ஸ்அப்பில் எழுதவே வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம். எழுதினதில் உங்கள் முகமும் தயக்கமும் இருக்காது; அதை அவர் பத்து முறை வாசிப்பார், ஒவ்வொரு முறையும் கூர்மை கூடும். பிறகு அது ஸ்கிரீன்ஷாட்டாக வேறு யாருக்கோ போகும். "இந்த வாரம் ஒருநாள் உங்களைப் பார்க்கணும், ஒரு அரைமணி நேரம்" என்று மட்டும் போனில் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "ஒரு விஷயம் மனசுல இருக்கு, நேர்ல சொல்றேன்" என்பது போதும். அதையும் சந்திப்புக்கு முந்தின நாள் சொன்னால் போதும். நான்கு நாள் முன்பே சொன்னால் நான்கு இரவும் அவர் தூங்க மாட்டார்.

சுற்றி வளைத்துக் கால்மணி நேரம் ஊர்க்கதை பேசாதீர்கள். அவர் எதற்கோ காத்திருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்த காரணத்தைச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, போன வாரம் பாடகர் குழு பயிற்சியில அந்தத் தம்பியை எல்லார் முன்னாடியும் நீங்க திட்டினதை நான் பார்த்தேன். அவன் அதுக்கப்புறம் வரல. அதைப் பத்தி உங்ககிட்ட மட்டும் பேசலாம்னு வந்தேன். வேற யாருகிட்டயும் சொல்லல." இந்த நாலு வரியில் கண்டது, அதன் விளைவு, வந்த நோக்கம், இரகசியம் எல்லாம் இருக்கிறது. இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மௌனம் தாங்காமல் நாமே பேச ஆரம்பித்துப் பழைய கதைகளை இழுப்பதுதான் பெரும்பாலான சந்திப்புகள் கெடும் இடம்.

"எப்பவுமே", "ஒருநாளும்", "உங்க குடும்பமே இப்படித்தான்", "எல்லாரும் சொல்றாங்க" — இந்த நான்கும் வாயில் வரக்கூடாது. எல்லாரும் என்றால் யார் யார் என்று அவர் கேட்பார். பெயர் சொன்னாலும் சண்டை, சொல்லாவிட்டாலும் சண்டை. அதேபோல "ஆண்டவர் எனக்கு உங்களைப் பத்திக் காட்டினார்" என்ற வார்த்தையையும் தவிர்த்துவிடுங்கள். அதற்கு அவர் பதில் சொல்லவே முடியாது. பதில் சொல்ல இடமில்லாத பேச்சில் மனந்திரும்புதலும் நடக்காது. வேத வசனம் ஒன்று போதும், அதுவும் அவர் பேசி முடித்த பிறகு. ஐந்து வசனங்களை அடுக்கினால் கல்லெறிவதாகத்தான் படும்.

வயதில் மூத்தவரிடம் போகிற இளையவர் 1 தீமோத்தேயு 5:1-ஐ நினைவில் வைத்துக்கொள்ளட்டும்: முதிர்வயதுள்ளவரைத் தகப்பனைப் போல எண்ணிப் புத்திசொல்ல வேண்டும். நம் ஊரில் தகப்பனிடம் கேள்வியாகத்தான் கேட்போம். "ஐயா, இதை நான் சரியாப் புரிஞ்சிக்கிட்டேனான்னு தெரியல, நீங்க சொல்லுங்க" என்று தொடங்கினால் அவர் மரியாதையும் நிற்கும், விஷயமும் நழுவாது. பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையோடு போனது கவனிக்கத்தக்கது. எதிரில் இருந்தவர் ராஜா. நீதி செலுத்திப் பழகியவர். அந்த நீதியுணர்வைத் தட்டி எழுப்பிய பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்றான். தாவீது ஒப்புக்கொண்டவுடன், அதே பேச்சிலேயே, கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார் என்றும் சொல்லிவிட்டான். விளைவுகளை மறைக்கவில்லை, மன்னிப்பைத் தள்ளிவைக்கவும் இல்லை.

அவர் மறுத்தால் வாதாடாதீர்கள். கண்டதை ஒருமுறை மட்டும் திரும்பச் சொல்லி, "யோசிச்சுப் பாருங்க, அடுத்த வாரம் பேசுவோம்" என்று எழுந்துவிடுங்கள். முதல் சந்திப்பில் மறுத்த பலர் மூன்றாம் நாள் தாமாகவே கூப்பிடுவார்கள். "நீ மட்டும் யோக்கியமா?" என்று உங்கள் குறையை எடுத்தால், அது உண்மையாக இருந்தால் உடனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள், பேச்சை முறித்துக்கொண்டு எழ வேண்டாம். அழுதால் கண்ணீரைப் பார்த்துப் பயந்து "பரவாயில்ல, பெரிய விஷயம் இல்ல" என்று சொல்லிவிடாதீர்கள். பெரிய விஷயம் என்பதால்தான் வந்தீர்கள். அழட்டும், கூட இருங்கள். ஒருவேளை அவர் சொல்வதைக் கேட்டபின் நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று தெரியவரும். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு அது புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 சொல்வது திருத்தப் போகிறவருக்கும் சேர்த்துத்தான்.

முடிக்கும்போது "இனிமே பார்த்து நடந்துக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்தத் தம்பி வீட்டுக்கு இந்த வாரம் போவது, ரசீதை வாங்கிக் கணக்கில் சேர்ப்பது, சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடுப்பது போல. அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்லுங்கள்.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவரை உபவாசக் கூட்டத்தில் நிறுத்தி, இன்றோடு விடுகிறேன் என்று பொருத்தனை பண்ணவைப்பது ஆபத்து. திடீரென நிறுத்தினால் கை நடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். முதலில் மருத்துவர், அவர் மேற்பார்வையில் நிறுத்துவது, பிறகு குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குக் கூடவே போய் உட்காரும் ஒரு சகோதரர். ஜெபம் இதெல்லாவற்றோடும் சேர்ந்தே நடக்கட்டும்.

இரண்டாம், மூன்றாம் படி

இரண்டு முறையாவது தனியே பேசிய பிறகுதான் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போக வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கிலும் இப்படித்தான்: மூத்தவர்கள் இரகசியமாக இருமுறை புத்திசொன்ன பிறகே எல்லார் முன்னிலையிலும் கண்டிப்பு. கூட்டிப் போகிறவர்கள் அவரும் மதிக்கிறவர்களாக இருக்க வேண்டும். உங்கள் கட்சிக்காரர்களாக இருக்கக்கூடாது. அவர்கள் உங்கள் பக்கத்துக்குப் பலம் சேர்க்க வருவதில்லை. இரண்டு பக்கமும் கேட்டு, தவறு உங்கள்மேல் என்றால் அதையும் உங்களிடம் சொல்ல வருகிறார்கள். முன்கூட்டியே அவர்களிடம் கதை முழுவதையும் சொல்லிச் சூடேற்றாமல், விஷயத்தின் தலைப்பை மட்டும் சொல்லி அழைத்துப் போவது நல்லது.

சபைக்குச் சொல்வது என்றால் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் அறிவிப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குருவானவரும் சேகரக் கமிட்டியும், அல்லது பாஸ்டரும் மூப்பர்களும், அந்தந்தச் சபையின் ஒழுங்குப்படி கூடிக் கேட்பதே முதல் கட்டம். பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் குத்திப் பேசுவது மூன்று படிகளில் எதிலும் சேராது. சம்பந்தப்பட்டவருக்குப் புரியும், அவர் எதிரிகளுக்கும் புரியும், ஆனால் அவரால் ஒரு வார்த்தை பதில் பேச முடியாது. ஒருவரிடம் சொல்ல வேண்டியதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிற போதகர், அந்த ஆளிடம் தனியே போகும் தைரியத்தை முதலில் கேட்டுப் பெறட்டும்.

இந்த வரிசையைப் பயன்படுத்தவே கூடாத இடங்கள் உண்டு. பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் தனியே போய்ப் பேசி ஒப்புரவாக்குவது குற்றத்துக்குத் துணைபோவது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி தண்டனை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடலாம். வீட்டில் அடிவாங்கும் மனைவியை "நீயும் அவரும் தனியாப் பேசுங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவளுக்கு முதலில் தேவை பாதுகாப்பான இடம், 181 என்ற உதவி எண். அதிகாரத்தில் இருப்பவர் அந்த அதிகாரத்தைக் கொண்டே ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால், காயப்பட்டவர் அவரைத் தனியே சந்திக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது. மூப்பர்மேல் குற்றச்சாட்டு இரண்டு மூன்று சாட்சிகளோடு வர வேண்டும் என்று சொன்ன 1 தீமோத்தேயு 5 அடுத்த வசனத்திலேயே, பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. முதல் வசனத்தை மட்டும் வாசிக்கிற கமிட்டிகள் அதிகம்.

அவர் கேட்டுக்கொண்ட பிறகு

இங்கேதான் நம் சபைகள் பெரும்பாலும் கைவிடுகின்றன. திருத்துவதற்கு மூன்று பேர் வருவார்கள். திருந்தினவரின் பக்கத்தில் அடுத்த ஞாயிறு உட்கார ஒருவரும் இருக்க மாட்டார்கள். கொரிந்து சபை ஒருவனைக் கண்டித்தபோது பவுல் இரண்டாம் நிருபத்தில் எழுதினது, போதும், இனி அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்றுதான். ஆசீர்வாதப்பரும் அதே வசனத்தை எடுத்து, விலக்கி வைக்கப்பட்ட சகோதரனிடம் ஞானமுள்ள மூத்தவர்களை மறைமுகமாக அனுப்பி அவனைத் தேற்றச் சொல்கிறார். கண்டித்தவரே அந்த மூத்தவரை அனுப்ப வேண்டும் என்பது அதில் முக்கியம்.

பேசி முடித்த மூன்று நாளுக்குள் அவரைக் கூப்பிடுங்கள், வேறு ஏதாவது விஷயத்துக்காக. பிள்ளையின் பரீட்சை, வீட்டில் தண்ணீர் வருகிறதா, எதுவானாலும் சரி. உங்கள் போன் வந்தாலே அந்த விஷயம்தான் என்று அவருக்குப் பதிந்துவிடக்கூடாது. ஒரு மாதத்துக்குள் உங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட அழையுங்கள். திபேரியாக் கடற்கரையில் இயேசு பேதுருவுக்கு முதலில் அப்பமும் மீனும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்த பிறகே "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். பேதுரு தம்மை மூன்று முறை மறுதலித்ததை வாயால் எடுக்கவே இல்லை. மூன்று முறை கேட்டதே போதுமாயிருந்தது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் வேலையைத் திரும்பக் கொடுத்தார்.

பொறுப்புகளைப் பொறுத்தவரை "கொஞ்ச நாள் போகட்டும்" என்று தேதி இல்லாமல் சொல்வது கொடுமை. பாடகர் குழுவிலிருந்து மூன்று மாதம் என்றால் மூன்று மாதம் என்று சொல்லுங்கள். அந்தத் தேதி வந்ததும் அவர் கேட்பதற்கு முன் நீங்களே கூப்பிடுங்கள். சில பொறுப்புகள் திரும்பக் கொடுக்கக்கூடாதவை. கணக்கில் கைவைத்தவருக்குப் பொக்கிஷதாரர் பதவியும், பிள்ளைகளிடம் அத்துமீறியவருக்கு ஓய்வுநாள் பள்ளியும் மன்னிப்புக்குப் பிறகும் இல்லை. அதை முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் பின்னால் "மன்னிச்சதா சொன்னீங்களே" என்ற கேள்வி வராது. காசு விஷயத்தில் சபையும் தன் பங்கைச் சரிசெய்ய வேண்டும்: காசோலைக்கு இரண்டு கையெழுத்து, காணிக்கை எண்ண எப்போதும் இரண்டு பேர், உறவினர் அல்லாதவர்கள்.

அவர் கேட்காமலே போய்விட்டால்கூட 2 தெசலோனிக்கேயர் 3:15-ன் எல்லையைத் தாண்டக் கூடாது: "அவனைச் சத்துருவாக எண்ணாமல், சகோதரனாக எண்ணி, அவனுக்குப் புத்திசொல்லுங்கள்." அவர் வீட்டில் சாவு விழுந்தால் போக வேண்டும். அவர் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும். கடைத்தெருவில் எதிரில் வந்தால் நின்று பேச வேண்டும்.

யாராவது வந்து "அந்த விஷயம் என்னாச்சு?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். "அது முடிஞ்சுபோச்சுக்கா" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். முடிந்த விதத்தைப் பெருமையாகச் சொல்வதும் அதை மறுபடி திறப்பதுதான். போனில் வைத்திருக்கும் படங்கள், பதிவுகள், கணக்கு நகல்கள் எல்லாவற்றையும் அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். சபை ஒழுங்குப்படி வைக்க வேண்டிய கணக்குத் தாளும் கமிட்டிக் குறிப்பும் மட்டும் பூட்டிய பீரோவில், குருவானவர் பொறுப்பில் இருக்கட்டும்.